நன்றி எழுதினால் தூக்கம் வருமா?

பல் வலிக்கும்போது பல்லைத் தவிர வேறு நினைப்பே ஓடாது. வலி நின்று இரண்டு நாளானால் வாயில் பல் இருப்பதே மறந்துபோகும். மூளையின் இயல்பே அதுதான். சரியாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுகொள்ளாது, கோளாறு எங்கே என்றுதான் தேடும். போதாததற்கு, எந்த நல்லது கிடைத்தாலும் சீக்கிரமே பழகிப்போகும். இந்த இரண்டுக்கும் எதிராகக் கவனத்தை வேண்டுமென்றே திருப்பும் வேலைதான் நன்றியுணர்வுப் பயிற்சி, அதாவது நன்றிக்குரியவற்றை நினைத்து எழுதிவைப்பது.

இதை முறையாகச் சோதித்த முன்னோடிகள் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லவும். 2003-இல் வெளியான அவர்களின் ஆய்வில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வாரம் ஒருமுறை ஒரு குழு நன்றிக்குரிய விஷயங்களை எழுதியது, இன்னொன்று எரிச்சலூட்டியவற்றை எழுதியது, மூன்றாவது குழு சும்மா நடந்ததை எழுதியது. சுமார் பத்து வாரம் கழித்துப் பார்த்தால், நன்றி எழுதியவர்கள் வாழ்க்கை பரவாயில்லை என்றார்கள். உடல் உபாதைகளையும் மற்றவர்களைவிடக் குறைவாகவே சொன்னார்கள். அதே கட்டுரையில் நரம்புத்தசை நோய் உள்ளவர்களிடம் 21 நாள் நடத்திய சோதனையும் உண்டு. அவர்களில் நன்றி எழுதியவர்கள் கூடுதல் நேரம் தூங்கியதாகச் சொன்னார்கள்.

தூக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? படுத்த பிறகு மனம் எதை மெல்லுகிறது என்பதில்தான் விஷயம். நாளைய வேலை, யாரோ சொன்ன சொல் என்று கவலையை மென்றுகொண்டிருந்தால், ஆபத்து அருகில் இருப்பதாக உடம்பு எடுத்துக்கொள்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது. பிரிட்டனில் அலெக்ஸ் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. நன்றியுணர்வு அதிகம் உள்ளவர்கள் நன்றாகத் தூங்குவதற்குக் காரணம், படுக்கையில் அவர்களுக்கு வரும் கசப்பான எண்ணங்கள் குறைவு, இதமான எண்ணங்கள் அதிகம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2018-இல் ஜோயல் வாங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மனநல ஆலோசனைக்கு வந்த ஏறக்குறைய 300 பேரில் ஒரு குழுவை நன்றிக் கடிதம் எழுத வைத்தார்கள். எழுதாதவர்களோடு ஒப்பிட்டால், முதல் வாரத்தில் அவர்கள் மனநலத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நான்காம் வாரம் தெரிந்தது, பன்னிரண்டாம் வாரம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எழுதியதில் இருந்த சொற்களை அலசினால் ஒரு ஆச்சரியம். மனம் தேறியது நல்ல உணர்ச்சிச் சொற்கள் நிறைய இருந்ததால் அல்ல. எதிர்மறைச் சொற்கள் குறைந்ததற்கும் தேறியதற்கும்தான் தொடர்பு இருந்தது. அதாவது, நன்றியுணர்வு மகிழ்ச்சியைக் கொண்டுவந்து கொட்டுவதைவிட, புலம்பலுக்கு இடம் விடாமல் அமர்ந்துகொள்கிறது. (நன்றி சொன்ன உடனே மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் பொங்குகிறது என்று வலம் வரும் வீடியோக்களை நான் நம்புவதில்லை.)

உடம்பு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அறிகுறி இல்லாத ஆரம்பகட்ட இதயச் செயலிழப்பு உள்ள 186 பேரிடம் 2015-இல் வெளியான ஆய்வில், நன்றியுணர்வு மிக்கவர்களுக்குத் தூக்கம் நன்றாக இருந்தது, களைப்பும், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் குறியீடுகளும் குறைவாக இருந்தன. 2024-இல் 49,275 வயதான பெண்களின் தரவை அலசியபோது, நன்றியுணர்வில் மேலே இருந்தவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, கீழே இருந்தவர்களைவிட 9 சதவீதம் குறைவு. ஆனால் உடம்பு நன்றாக இருப்பவருக்கு நன்றி சொல்வது சுலபம் அல்லவா? ஆய்வாளர்கள் உடல்நலத்தையும் வருமானத்தையும் கணக்கில் எடுத்துத்தான் பார்த்தார்கள். அப்படியும் எது காரணம், எது விளைவு என்று அறுதியிட முடியாது.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இது சிகிச்சை ஆகுமா? 27 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான அலசல், பலன் சிறியது என்கிறது. அந்த நோய்களுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். துன்புறுத்தப்படுகிறவரிடம் போய் 'இருப்பதற்கு நன்றி சொல்' என்பது அறிவுரையே இல்லை.

சரி, எப்படிச் செய்வது? தினமும் 'குடும்பம், உடல்நலம்' என்று ஒரே பட்டியலை எழுதினால் அதுவும் பழகிப்போகும். உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் சோதனையில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்த பலன், மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் குறைவாக, குறிப்பாக எழுதுவதே மேல்: யார், என்ன செய்தார், அவர் அதைச் செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் வலு அதிகம். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், தன் துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்கள் தங்கள் உறவில் அதிக நிறைவு அடைந்தார்கள். எது அதிகம் பலன் தரும் என்று மற்றவர்களைக் கணிக்கச் சொன்னபோது, அவர்களால் இதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை.