இருமல் மருந்துப் போத்தலில் கற்பூர எண்ணெய்

மாரி தொடங்கினால் வன்னியில் குளம் நிறையும், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும். கூடவே இன்னொன்றும் வருகிறது: கற்பூர எண்ணெய் குடித்து, வலிப்போடு தூக்கி வரப்படும் குழந்தை. இந்தக் கிழமையும் ஒன்று. போதும் என்று ஆகிவிட்டது.

விசாரித்தால் ஏறக்குறைய ஒரே கதைதான். தாச்சியில் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, கற்பூரக் கட்டிகளை நொறுக்கிப் போட்டு, ஆறியதும் இருமல் மருந்து வந்த பழைய போத்தலில் ஊற்றி வைப்பார்கள். லேபலைக்கூட உரிப்பதில்லை. போத்தல் நிற்பதும் மற்ற மருந்துகளோடு அதே தட்டில்தான். இரவு கரண்ட் இல்லை, பிள்ளை விடாமல் இருமுகிறது. அம்மம்மா கையில் பட்டதை எடுத்து ஒரு தேக்கரண்டி பருக்கிவிடுவார். மணம் மூக்கில் ஏறும்போது பிள்ளை விழுங்கி முடித்திருக்கும்.

தவறுதலாக நடந்ததற்கு யாரையும் ஏச முடியாது. அடுத்து வரும் வசனம்தான் பொறுக்க முடியாதது: "டொக்டர், அது இயற்கைதானே. மரத்தில இருந்து வாறதுதானே. கோயில்ல கொளுத்துற சாமான்தானே."

மரத்தில் இருந்து வருவதுதான். பைன் மரத்தைக் கீறினால் வடியும் பிசினைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன் ஆவியாகிப் பிரியும். அடியில் தங்குவது ரோசின். டர்பன்டைனில் உள்ள ஆல்பா பைனீன் என்ற பொருளைத் தொழிற்சாலையில் பல படிகளில் மாற்றித்தான் இன்றைக்குக் கடைக்கு வரும் கற்பூரத்தில் பெரும்பங்கு உண்டாகிறது. கற்பூர மரத்துக் கட்டையை ஆவியில் வடித்தது பழைய முறை. எந்த வழியாய் வந்தாலும் மூளைக்குள் போய்ச் செய்கிற வேலை ஒன்றுதான். அலரிக் கொட்டையும் மரத்தில்தான் காய்க்கிறது. இயற்கை என்று யாரும் பிள்ளைக்குக் கொடுப்பதில்லையே.

1934இல் புடாபெஸ்டில் லடிஸ்லாஸ் மெடுனா என்ற மனநல வைத்தியர், நோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பை வரவழைக்க எதை ஊசியாக ஏற்றினார் தெரியுமா? எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை. நாங்கள் குசினியில் காய்ச்சுவதும் அதைத்தான்.

"பச்சைக் கற்பூரம் தீர்த்தத்தில போடுறவைதானே" என்பார்கள். போடுவார்கள், ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை. ஒரு மிடறில் வருவது எவ்வளவு? எண்ணெயின் கணக்கே வேறு. 100 மில்லிலீற்றர் எண்ணெயில் 10 கிராம் கற்பூரம் கரைத்திருந்தால், 5 மில்லிலீற்றர் தேக்கரண்டி ஒன்றில் 500 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு அது கிலோவுக்கு 50 மில்லிகிராம். கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். "நல்லாக் காட்டமா இருக்கட்டும்" என்று இரண்டு மடங்கு போட்டால் அதே கரண்டியில் 1 கிராம். அந்த அளவில் சிறு பிள்ளைகள் இறந்தது மருத்துவ நூல்களில் பதிவாகி இருக்கிறது. கொழும்புக்கு அனுப்பினாலும் இதற்கு மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, மூச்சைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் எங்கள் கையில் உள்ளது.

தடவினால் சளி கரையுமா? கரையாது. கற்பூரம் குளிர் உணர்கிற நரம்பைத் தூண்டுவதால் மூக்குத் திறந்ததுபோல் தோன்றும். உள்ளே அடைப்பு அப்படியே இருக்கும். கைக்குழந்தையின் மெல்லிய தோலினூடாகவும் அது உடம்புக்குள் போகும். மூக்குத் துவாரத்தில் தொட்டு வைத்தால் சிலவேளை மூச்சே நின்றுவிடும். 2 வயதுக்குக் கீழ் வேண்டவே வேண்டாம். முன்பு வலிப்பு வந்த பிள்ளை என்றால் எந்த வயதிலும் வேண்டாம். பெரியவர்களுக்கு வேண்டுமானால் கடையில் விற்கும் பாமே போதும், அதில் அளவு எழுதியிருக்கும். அமெரிக்காவில் பூசும் மருந்துகளில் கற்பூரம் 11 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். நாங்கள் கண்ணளவில் போடுகிறோம். அடுப்பில் வைத்தே கரைக்கிறவர்களுக்கு இன்னொன்று: சூடான எண்ணெயில் விழுந்ததும் கிளம்பும் கற்பூர ஆவி விறகடுப்புச் சுவாலையில் பற்றும்.

எண்ணெயே காய்ச்சாத வீட்டிலும் சாமித்தட்டு இருக்கும். தவழும் பிள்ளையின் கண்ணுக்குக் கற்பூரக் கட்டி கற்கண்டுதான். மூடியுள்ள டப்பாவில் போட்டு, பெரியவர் கை மட்டும் எட்டும் உயரத்தில் வையுங்கள்.

விழுங்கிவிட்டதா? வாயை மணந்து பாருங்கள், கற்பூரம் மறைக்க முடியாத மணம். வாயில் மிஞ்சியதை விரலில் சுற்றிய ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பிறகு வீட்டில் ஒரு நிமிடமும் மினக்கெட வேண்டாம். 5 முதல் 90 நிமிடத்துக்குள் எப்போதும் வலிப்பு வரலாம். சத்தி, பதற்றம் எதுவுமில்லாமல் முதல் அறிகுறியே வலிப்பாகவும் இருக்கும். துணுக்காய், நெடுங்கேணிப் பக்கத்துத் தூரங்களுக்கு இந்த நேரம் காணாது, உடனே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் கொடுத்துச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். சத்தி எடுக்கும்போது வலிப்பு வந்தால் எல்லாம் நுரையீரலுக்குள் போகும். பாலும் வேண்டாம்; கற்பூரம் கொழுப்பில் கரைவது, பால் அதை இன்னும் வேகமாக உள்ளே இழுத்துவிடும். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். பல்லுக்கு இடையில் கரண்டி வைக்காதீர்கள், கையில் இரும்பும் வேண்டாம். பிள்ளை விளையாடிக்கொண்டு இருந்தாலும் குறைந்தது 4 மணி நேரம் வைத்துப் பார்ப்போம். "சுகமாத்தானே இருக்கு" என்று வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டச் சொல்லி நிற்காதீர்கள்.

வரும்போது போத்தலையோ பொட்டலத்தையோ கையோடு கொண்டு வாருங்கள். அலுமாரிக்குள் போடும் நப்தலீன் பூச்சி உருண்டையையும் சிலர் கற்பூரம் என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு நஞ்சு. சில பிள்ளைகளில் ஓரிரு நாள் கழித்துச் சிவப்பணுக்களை உடைத்து, சிறுநீரைக் கறுப்பாக்கும். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த டர்பன்டைன், தின்னர் என்றால் வைத்தியமும் வேறு, அங்கே பயம் நுரையீரலுக்கு. எது என்று போத்தலைப் பார்த்தால்தான் எங்களுக்குத் தெரியும்.