பீலித் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

தோட்டத்துப் பீலியில், அதாவது மலை ஊற்று நீர் வந்து விழும் குழாயடியில், பத்து லீற்றர் வாளி ஒன்றை வைத்துவிட்டு, போனில் நேரம் பிடித்துப் பாருங்கள். 25 செக்கனில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 34,560 லீற்றர் வருகிறது என்று கணக்கு. அந்த மலைக்கு அடியில் நாளைக்கு ஒரு சுரங்கம் வரப்போகிறதென்றால், நீர்வள ஆய்வு இந்த வாளியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் இலங்கை மலையகத்தில் நிலக்கரி கிடையாது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்துக்கே கப்பலில்தான் வருகிறது. ஆனால் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போடும் நீர்க்கணக்குத்தான் மலையைக் குடையும் எந்தச் சுரங்கத்துக்கும். நெய்வேலியைப் பாருங்கள். அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீர் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரவு பகலாகப் பம்ப் போட்டு அதை இறக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டு நீர் ஏறிவிடும். சுரங்கம் காய்ந்திருக்க வேண்டுமானால் சுற்றியுள்ள நிலத்தடி நீர் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த இறக்கம் எதுவரை பரவும், யாருடைய கிணற்றைத் தொடும் என்பதைத்தான் ஆய்வு சொல்ல வேண்டும்.

இதற்கு அடிப்படை விதியை 1856 இல் வெளியிட்டவர் பிரான்ஸின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியியலாளர் ஹென்றி டார்சி. மணல் நிரப்பிய குழாய்க்குள் நீரை விட்டு அளந்தார். நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும், வழி நீண்டால் குறையும், மணல் பருமனானால் மறுபடி கூடும். மணற்பாங்கான நிலத்தில் இது அழகாக வேலை செய்யும். பம்ப் போடும் இடத்தைச் சுற்றி நீர்மட்டம் ஒரு புனல் போல இறங்கும். வரைபடத்தில் வட்டம் போட்டு ‘பாதிப்பு இதற்குள்தான்’ என்று சொல்லிவிடலாம்.

நம் மலையில் அந்த வட்டம் எடுபடாது. மேலே உக்கிப்போன பாறையும் மண்ணும் ஈரப் பஞ்சு மாதிரி மழையைப் பிடித்து வைத்திருக்கும். பீலியும் கிணறும் பெரும்பாலும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதற்குக் கீழே மிகப் பழைய கடும்பாறை. பாறைக்குள் நீர் போக வெடிப்புகள்தான் வழி. ஒரு வெடிப்பின் அகலம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் நீர் எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் இருபத்தேழு! நூறு சின்ன வெடிப்புகளை விட ஒரு பெரிய வெடிப்பு எந்தத் திசையில் போகிறது என்பது முக்கியம் என்பது இதனால்தான். சுரங்கத்துக்கு நேர் மேலே இருக்கும் கிணறு தப்பிவிடலாம். எங்கோ தள்ளி, அதே வெடிப்பின் மறுமுனையில் இருக்கும் பீலி செத்துப்போகலாம்.

இதெல்லாம் ஏட்டுச் சங்கதி இல்லை. உமா ஓயா நீர்மின் திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பக்கம் மலைக்கு அடியில் 15 கிலோமீற்றருக்கு மேல் நீர் கொண்டுபோகும் சுரங்கப் பாதை குடைந்தார்கள். 2014 டிசம்பரில் உள்ளே நீர் பீறிட்டது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. 2017 ஜூனில் பண்டாரவளையில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தத் திட்டத்தின் 120 மெகாவொட் மின்நிலையம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

கிணறு வற்றுவது புரிகிறது, சுவர் ஏன் வெடிக்கிறது? மண் துகள்களுக்கு இடையில் நிற்கும் நீர், மேலே இருக்கும் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீர் வடிந்தால் முழுச் சுமையும் துகள்களின் தலையில் விழும். அவை நெருங்கி அமுங்கும். அஸ்திவாரத்தின் ஒரு மூலை கூடவும் மறு மூலை குறையவும் அமுங்கினால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கீறல் கிளம்பும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். ஆழ்துளைகள் போட்டு, ஒன்றில் நாட்கணக்காகப் பம்ப் செய்து மற்றவற்றில் மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஓரிடத்தில் சாயம் கலந்து, எந்த ஊற்றில் வெளிவருகிறது என்று காத்திருப்பார்கள். அப்புறம் எல்லாவற்றையும் கணினி மாதிரியில் போட்டு, கடந்த சில வருட நீர்மட்டத்தை அது சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்பார்கள். பழையதையே சரியாகச் சொல்லாத ஒரு கணினி மாதிரி, வரப்போவதைச் சரியாகச் சொல்லும் என்று நான் நம்ப மாட்டேன். அறிக்கையில் வண்ண வண்ணமாகப் படம் இருந்தாலும்தான்.

நிலக்கரி என்றால் இன்னொரு தலைவலியும் உண்டு. அதோடு கலந்திருக்கும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாக மாறும். ஓடைக் கல்லெல்லாம் செம்மஞ்சளாகிவிடும். சுரங்கத்தை மூடிய பின்னும் பல்லாண்டு நீடிக்கும்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி இப்படியான திட்டங்களின் சுற்றாடல் பாதிப்பு அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது ஊற்றுகளின் பட்டியலை. எந்த மாதம் அளந்தார்கள்? ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தப் பீலியும் கொட்டத்தான் செய்யும். பண்டாரவளைப் பக்கம் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் என்ன வருகிறது என்பதுதான் அதன் உண்மையான பலம். இரண்டு கோடையாவது அளந்திருக்க வேண்டும். சுரங்கப் பாதைக்கு வெகு தூரத்தில் இருக்கும் ஒரு பீலியையும் சேர்த்து அளந்திருக்க வேண்டும். பிறகு நீர் குறைந்தால் ‘மழை பெய்யவில்லை, அதனால்தான்’ என்ற பதிலைச் சோதித்துப் பார்க்க அந்தத் தூரத்துப் பீலி வேண்டும்.

மழைக்குச் சாட்சி இருக்கிறது. எத்தனையோ தோட்டங்களில் அன்றாடம் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் புத்தகத்தின் பக்கத்தில் வைக்க, பீலிக்கென்று நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும்: தேதி, வாளி, எத்தனை செக்கன்.