மனப்பாடம் செய்துகொண்டு வைவாவுக்கு வராதீர்கள்

ஏப்ரல், மே வந்தால் போதும், பொறியியல் கல்லூரிகளின் கடைசி ஆண்டு புராஜெக்ட் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதே காட்சி. நான்கு பேர் கொண்ட பேட்ச். முதல் மாணவர் "குட் மார்னிங் ஒன் அண்ட் ஆல்" என்று தொடங்கி மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் நடுவில் நிறுத்தி, "ஒய் திஸ் சென்சார்?" என்கிறார். அவ்வளவுதான். பார்வை திரைக்கு ஓடுகிறது, அங்கிருந்து பக்கத்தில் நிற்கும் நண்பனுக்கு. வெளியே வந்ததும் சொல்வது: "இங்கிலீஷ் வராது சார், அதான்."

இந்தச் சாக்கை விட்டுவிடுங்கள். "சரிப்பா, தமிழ்லயே சொல்லு" என்று எத்தனையோ எக்ஸ்டர்னல்கள் இறங்கி வருகிறார்கள். அப்போதும் பதில் வருவதில்லை. சிறு வயதிலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவர்களும் இதே கேள்வியில்தான் விழுகிறார்கள். என்ன, சரளமாக விழுகிறார்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசுவது கூடுதல் சுமை, மறுக்கவில்லை. ஆனால் வைவாவைக் கெடுப்பது அந்தச் சுமையைக் காட்டிலும், அதற்குப் பயந்து நீங்கள் தேடிக்கொள்ளும் மருந்து. அதுதான் மனப்பாடம்.

ஒப்பிக்கும்போது ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்தான் அடுத்த வாக்கியத்தை நினைவுக்குக் கொண்டுவருகிறது. நடுவில் ஒரு கேள்வி விழுந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். மறுபடி முதல் வரியிலிருந்துதான் வர முடியும்; அதற்கு யாரும் நேரம் தரமாட்டார்கள். அதோடு, நீங்கள் மனப்பாடம் செய்வது பேச்சு ஆங்கிலமே இல்லை. புராஜெக்டுக்கு அடிப்படையான ஆய்வுக் கட்டுரையிலிருந்து (பேஸ் பேப்பர்) அப்படியே எடுத்த எழுத்து ஆங்கிலம். "தி புரபோஸ்டு சிஸ்டம் இஸ் இம்ப்ளிமென்டட் யூட்டிலைசிங்..." என்று நீளும் வாக்கியத்தை, ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்கூட மூச்சு வாங்காமல் சொல்ல முடியாது. "வீ மெஷர் சாயில் மாய்ஸ்சர். இஃப் இட் இஸ் லோ, தி பம்ப் ஸ்டார்ட்ஸ்." இது போதும். இலக்கணத்தில் தடுக்கி விழ இதில் இடமே இல்லை. சின்ன வாக்கியம் பேசினால் மார்க் குறையும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

அந்த மண் ஈரப்பதப் புராஜெக்டையே எடுத்துக்கொள்வோம். எல்லாக் கல்லூரியிலும் ஒரு பேட்சாவது அதைச் செய்கிறது. கோடில் த்ரெஷோல்ட், அதாவது பம்பை இயக்குவதற்கான எல்லை எண், 600 என்று இருக்கும். ஏன் 600? "கோடில் அப்படித்தான் இருந்தது" என்பது பதில் ஆகாது. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில், சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி 10 பிட். அதனால் 0 முதல் 5 வோல்ட் வரையிலான அளவு 0 முதல் 1023 வரையிலான எண்ணாக வருகிறது. ஒரு படிக்கு ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். காய்ந்த மண்ணில் சென்சாரைச் செருகி ஒரு ரீடிங், அதே மண்ணில் தண்ணீர் ஊற்றி இன்னொரு ரீடிங் எடுத்து, இரண்டுக்கும் இடையில் எண்ணைத் தேர்ந்தெடுத்தோம் என்றால் தேர்வாளர் குழு தலையாட்டும். மண் மாறினால் எண்ணும் மாறும் என்று சேர்த்துச் சொன்னால் அடுத்த கேள்விக்கே வேலை இல்லை. இதை உண்மையிலேயே செய்து பார்த்தவருக்கு "டிரை சாயில், வெட் சாயில், டூ ரீடிங்ஸ்" என்ற அளவு ஆங்கிலம் போதும்.

எனவே தயாரிப்பைத் தமிழில் தொடங்குங்கள். புராஜெக்டின் பாகங்களைக் கட்டங்களாகக் காட்டும் பிளாக் டயக்ராமை வெள்ளைத் தாளில் பார்க்காமல் வரைந்து, வேறு பிராஞ்ச் நண்பர் ஒருவருக்குத் தமிழில் விளக்குங்கள். அவர் "ஏன்?" என்று கேட்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், எக்ஸ்டர்னலும் அங்கேதான் கேட்பார். பிறகு ஸ்லைடுக்கு நாலைந்து சொற்களை மட்டும் எழுதி, அவற்றை வைத்து ஆங்கிலத்தில் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கியம் வேறு மாதிரி வந்தால் நல்லது, சரியாகப் போகிறீர்கள் என்று பொருள். முழு வாக்கியமாகப் பழக வேண்டியது தொடக்க வரியும் முடிவு வரியும்தான்.

எண்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுவோர் அரிது. 4.75 என்பது "ஃபோர் பாயின்ட் செவன் ஃபைவ்". "செவன்டி ஃபைவ்" இல்லை. பத்தின் மைனஸ் மூன்றாம் அடுக்கை "டென் மைனஸ் த்ரீ" என்றால் கேட்பவர் காதில் அது ஏழு. மில்லி, மைக்ரோ, மெகா மூன்றையும் முழுதாகச் சொல்லுங்கள். வெறும் "எம்" என்றால் மில்லிவாட்டா மெகாவாட்டா? சிவில் மாணவர்களே, கான்கிரீட்டின் தரத்தை எம்25 என்று சொல்லிவிட்டு, அந்த 25 எது என்று கேட்டால் விழிக்காதீர்கள்: 28 நாளில் கான்கிரீட்டின் அமுக்க வலிமை, மெகாபாஸ்கலில்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். உங்கள் புராஜெக்டில் திரும்பத் திரும்ப வரும் பத்துச் சொற்களை மட்டும் அகராதிச் செயலியில் ஒலியோடு கேட்டுக்கொள்ளுங்கள். அளவுமானியைக் குறிக்கும் கேஜ் என்பதைப் பலர் "காஜ்" என்கிறார்கள். பேரா மீட்டர் என்று பிரித்துச் சொல்லாமல் பராமிட்டர் என்று இரண்டாம் அசையை அழுத்துங்கள்.

ஸ்லைடில் 24 பாயின்டுக்குக் குறைந்த எழுத்தும் பத்தி பத்தியாக வாக்கியமும் வேண்டாம். இருந்தால் படிக்கத்தான் தோன்றும். பிடிஎஃப் நகல் ஒன்று பென்டிரைவில் இருக்கட்டும். நால்வரும் முழுப் புராஜெக்டையும் தெரிந்துகொண்டு வாருங்கள். "அது அவன் பார்ட் சார்" என்ற பதிலுக்கு மார்க் கிடையாது.

கேள்வி புரியாவிட்டால் "குட் யூ ரிப்பீட் தி கொஸ்டின், சார்?" என்று கேளுங்கள். செய்யாத சோதனையைக் கேட்டால் "வீ டிட் நாட் டெஸ்ட் தட், சார்" என்று நேராகச் சொல்லுங்கள். வார்த்தை வரவே இல்லையா? "மே ஐ எக்ஸ்பிளைன் இன் டமில், சார்?" என்று அனுமதி கேளுங்கள். பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள். மௌனமாக நிற்காதீர்கள், அதற்கு மட்டும் எந்த எக்ஸ்டர்னலாலும் மார்க் போட முடியாது.

கைடுகளாக இருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைவாவுக்கு முன் கல்லூரியில் நடக்கும் ரிவ்யூவில் மாணவர் பேசும்போதே இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். அந்தப் பயம்தான் அவர்களை மனப்பாடத்துக்குத் துரத்துகிறது. முதல் ரிவ்யூவிலேயே புரொஜெக்டரை அணைத்துவிட்டு, போர்டில் பிளாக் டயக்ராமை வரைந்து விளக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும், சரிசெய்ய மாதக்கணக்கில் நேரமும் இருக்கும்.