நாயின் கண்ணில் சதை வளர்ந்தால் சொட்டு மருந்தோடு நிறுத்தாதீர்கள்

மாசி மாதத்தில் ஒரு நாள், வெண்ணாற்றங்கரைக் கிராமத்து விவசாயி ஒருவர் தன் கடுவன் நாயை மொபெட்டில் சாக்கு விரித்து உட்காரவைத்துக் கொண்டுவந்தார். "அறுவடை மெஷின் ஓடும்போது சுணை பட்டிருக்கும் டாக்டர். ஒரு மாதமாக நந்தியாவட்டைப் பூச்சாறு விடுகிறோம்" என்றார். கீழிமையை விலக்கினேன். உட்புறம் காலிஃபிளவர் துண்டு போலச் சிவந்த சதை; பஞ்சு பட்டதும் ரத்தம் கசிந்தது. ஆணுறுப்பின் உறையை விலக்கிப் பார்த்தால் அங்கும் அதே சதை.

கண்ணாடித் தகட்டைச் சதையில் ஒற்றி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உருண்டைச் செல்கள், உள்ளே தெளிந்த சிறு குமிழிகள். தொற்றும் பால்வினைக் கட்டி. புற்றுநோய் ஒட்டாது என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் நாய்களிடம் காணும் இந்த ஒன்று ஒட்டும். கிருமி எதுவும் காரணமில்லை, உயிருள்ள புற்றுச் செல்லே நாய் விட்டு நாய் தாவுகிறது. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் இருக்கும்; இந்தக் கட்டியின் செல்லிலோ 60-ஐ ஒட்டித்தான். இது அந்த நாயின் சொந்தச் செல் அல்ல என்பதற்கு அது ஓர் அடையாளம். இனச்சேர்க்கையில் பரவும். கட்டியுள்ள இடத்தை முகர்ந்தாலும் நக்கினாலும் மூக்கு, வாய், கண் என்று ஏறிக்கொள்ளும். ஒட்டிய செல் கண்ணுக்குத் தெரியும் கட்டியாக வளரச் சில மாதங்கள் ஆகும். ஐப்பசி மழையில் இணைந்த நாய்க்கு அறுவடைக் காலத்தில் கட்டி தெரிவது அதனால்தான். மனிதர்களுக்கு இது ஒட்டாது. பயந்து நாயைத் துரத்திவிடாதீர்கள்.

கண்ணில் வரும் எல்லாக் கட்டியும் இது அல்ல. வயதான நாயின் இமை ஓரத்து மரு பெரும்பாலும் சாதுவானது. கருவிழியைச் சுற்றிப் படரும் கறுப்புத் திட்டு மெலனோமா என்ற நிறமிச் செல் கட்டியாக இருக்கலாம். அது வேறு நாய்க்குப் பரவாது, ஆனால் சில நாய்களில் அதே உடலில் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகும்.

பால்வினைக் கட்டிக்கு வின்கிரிஸ்டின் ஊசி வாரம் ஒன்று, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். அநேகமாக முழுதாகக் குணமாகும். இந்த மருந்து நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. அதற்காக அந்த இலையை அரைத்துக் கண்ணில் பிழிந்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ரத்த நாளத்துக்கு வெளியே சிந்தினாலே தசையை அழுகவைக்கும் மருந்து அது. ரத்த அணுக்களைப் பரிசோதித்துத்தான் ஒவ்வொரு ஊசியும் போடுகிறோம். அந்த நாட்களில் நாயின் சிறுநீரைக் கையுறையோடு கழுவுங்கள்; கர்ப்பிணிகளும் குழந்தைகளும் விலகியிருக்கட்டும். மனிதர்களுக்கான ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கேட்காமல் ஊற்றாதீர்கள். விழியில் புண் இருந்தால் பார்வையே போய்விடும்.

மூன்றாவது ஊசியில் சதை சுருங்கியதும் "போதுமே டாக்டர்" என்றார் அவர். நான் விடவில்லை, ஐந்து ஊசி போட்டோம். இப்போது கண் தெளிவாக இருக்கிறது, கருத்தடையும் செய்தாகிவிட்டது. அதே தெருவில் ரத்தம் சொட்டத் திரியும் பெட்டை நாயைத்தான் இன்னும் பிடிக்க முடியவில்லை. தினமும் சோறு வைத்துப் பழக்குவதாக அவர் சொல்லியிருக்கிறார்.