காயத்தை இன்றே பதிவு செய்யுங்கள், இழப்பீடு பற்றி அப்புறம் முடிவெடுக்கலாம்

வேலையிடத்தில் அடிபட்டு வருபவரிடம் "எங்கே, எப்படி அடிபட்டது?" என்று கேட்டால், பல நேரம் பதில் அவரிடமிருந்து வராது. கூட வந்த மேற்பார்வையாளர் முந்திக்கொண்டு, "வீட்ல வழுக்கி விழுந்துட்டாரு டாக்டர், அப்படியே எழுதிடுங்க" என்பார். அடிபட்டவரின் உள்ளங்கையில் கிரீஸ் கறை அப்படியே இருக்கும். நகக்கண்ணில் இரும்புத்தூள் இருக்கும். அவர் தலையைக் குனிந்துகொள்வார். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்பது என் வழக்கம்.

இழப்பீடு கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம் உண்மையானது. முதலாளி நல்லவர், அவசரத்துக்கு உதவியவர், அவரை எதிர்த்து மனு போடுவதா என்ற சங்கடமும் உண்மையானது. ஆனால் இந்தத் தயக்கத்தில் பலர் காயத்தைப் பதிவு செய்வதையே விட்டுவிடுகிறார்கள். பதிவு செய்வது வேறு, இழப்பீடு கேட்பது வேறு. கேட்பதா என்று யோசிக்கச் சட்டமே அவகாசம் தருகிறது. பதிவுக்கு அந்த அவகாசம் கிடையாது.

ஏனென்றால், காயம் எவ்வளவு பெரியது என்று முதல் நாளே தெரிந்துவிடாது. உயர் அழுத்தத்தில் பெயின்டோ கிரீஸோ ஹைட்ராலிக் எண்ணெயோ பீய்ச்சும் கருவி விரலில் பட்டால், ஊசி குத்தினதுபோல ஒரு சின்னத் துளைதான் தெரியும். வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே போன ரசாயனம் தசைநார் உறையின் வழியாகப் பரவி, சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். இரும்பை இரும்பால் அடிக்கும்போது தெறிக்கும் துணுக்கும் அப்படித்தான். கண் லேசாகச் சிவந்து சரியாகிவிடும், ஆனால் உள்ளே தங்கிய இரும்பு மெதுவாகக் கரைந்து மாதங்கள் கழித்துப் பார்வையைக் கெடுக்கும். அப்போது வந்து "அன்னைக்கு ஒரு தூசி விழுந்துச்சு டாக்டர்" என்றால் நான் நம்புவேன். இழப்பீடு கொடுக்க வேண்டியவர் தாளைக் கேட்பார்.

மருத்துவமனை ஊழியர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது ஒரு காரணம். குத்தின நாளில் தொற்று இல்லை என்ற அறிக்கை கையில் இருந்தால்தான், பின்னால் தொற்று வந்தாலும் அது வேலையில் வந்தது என்று காட்ட முடியும் என்பது இன்னொரு காரணம்.

சரி, என்ன பதிய வேண்டும்? தேதி, நேரம், எந்த இயந்திரம், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது, எந்தக் கை, யார் பார்த்தார்கள். "விபத்து" என்ற ஒற்றைச் சொல் போதாது. முதல் மருத்துவக் குறிப்பில் இது இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துப் பதிவேடு இருந்தால் அதில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மேற்பார்வையாளருக்குப் போனில் இரண்டு வரி செய்தி அனுப்பினாலும் போதும், தேதி அதிலேயே விழுந்துவிடும். ஏற்கெனவே முதுகுவலி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய வலி வேலையால் மோசமானால் அதற்கும் பல நாடுகளின் சட்டங்களில் இடம் உண்டு. மறைத்தது தெரியவந்தால், உண்மையான காயத்தையும் நம்ப மறுப்பார்கள்.

"தப்பு என் மேலதான், நான் எப்படிக் கேட்கிறது?" என்று சொல்லிப் பலர் ஒதுங்குகிறார்கள். 1884-இல் ஜெர்மனியில் வந்த விபத்துக் காப்பீடும், 1897-இல் பிரிட்டனில் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் இந்தக் கேள்வியைத்தான் ஓரங்கட்டின. வேலையால் காயமா என்பதே முக்கியம், யார் தப்பு என்பதல்ல. இன்றும் பெரும்பாலான இழப்பீட்டுத் திட்டங்களின் அடிப்படை இதுதான். குடித்துவிட்டு வேலை செய்தது, வேண்டுமென்றே பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றியது போன்ற விலக்குகளைப் பல சட்டங்களில் பார்க்கலாம். ஒரு நொடி கவனம் சிதறியது அந்த வகையில் சேராது.

மெதுவாக வரும் பாதிப்புகளும் இதில் அடங்கும். இரைச்சலால் கெடும் காது முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளில்தான் கெடும். பேச்சு கேட்கும், அதனால் ஆளுக்கே தெரியாது. கல் தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் தலைகாட்டப் பத்து வருடத்துக்கு மேலும் ஆகலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1964-ஆம் ஆண்டு 121-ஆம் உடன்படிக்கை, விபத்தோடு தொழில்நோய்களையும் இழப்பீட்டுக்குள் கொண்டுவருகிறது. எங்கெங்கே எத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள் என்ற குறிப்பும், பழைய சம்பளச் சீட்டுகளும் அப்போது கைகொடுக்கும்.

அப்புறம், கேட்பதா வேண்டாமா? தையல் பிரித்து, கை பழையபடி மடங்கி நீண்டு, சம்பளமும் குறையாமல் இருந்தால் பதிவோடு விட்டுவிடலாம். பிடிமானம் குறைந்திருந்தாலோ, இன்னொரு அறுவை சிகிச்சை தேவை என்றாலோ, அதே வேலைக்குத் திரும்ப முடியாது என்றாலோ கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அது முதலாளியின் இரக்கத்தைக் கேட்பதல்ல. பல இடங்களில் பணம் தருவது அவர் ஏற்கெனவே சந்தா கட்டிவரும் காப்பீடுதான். எவ்வளவு காலத்துக்குள் கேட்க வேண்டும் என்பதை மட்டும் தொழிலாளர் சங்கத்திலோ, அரசின் தொழிலாளர் துறையிலோ, சட்ட உதவி மையத்திலோ உடனே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீடு கேட்டவர்களில் சிலர், "கேஸ் முடியட்டும், அதுவரைக்கும் கை இப்படியே இருக்கட்டும்" என்று பிசியோதெரபியை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அசைக்காத விரல் மூட்டு சில வாரங்களில் இறுகிவிடும், அப்புறம் எந்தத் தொகையும் அதைத் திரும்ப மடக்காது. பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவர் என்ற குறிப்பு உங்கள் மனுவுக்கும் பலம்தான்.

"இத்துடன் எல்லாம் முடிந்தது" என்று எழுதிய தாளில் காயம் ஆறும் முன் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத்தாளில் எப்போதுமே போடாதீர்கள். நிரந்தர ஊனம் எவ்வளவு என்று, குணமாவது ஒரு நிலைக்கு வந்து நின்ற பிறகே சரியாக மதிப்பிட முடியும். அந்த மதிப்பீட்டின்போது சதவீதம் மட்டும் எழுதி வாங்காமல், நீங்கள் செய்த அதே வேலையை இனி செய்ய முடியுமா, எதைச் செய்ய முடியாது என்பதையும் மருத்துவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். தையல்காரருக்கும் காவலாளிக்கும் ஆட்காட்டி விரலின் இழப்பு ஒன்றல்ல.