'நேர முகாமைத்துவம்' அல்ல, காலமறிதல்

கொழும்புச் சபைகளில் இளைஞர் கூடுகை என்றால் இப்போதெல்லாம் ஒரு தலைப்புத் தப்பாமல் வந்துவிடுகிறது: 'கிறிஸ்தவ நேர முகாமைத்துவம்'. வெள்ளவத்தையிலும் இதுதான், கொட்டாஞ்சேனையிலும் இதுதான். பதாகையின் நிறம் மட்டும் மாறும். கீழே எபேசியர் 5:16ஐப் போட்டிருப்பார்கள்: "நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்." மேலே உள்ள தலைப்புக்கும் கீழே உள்ள வசனத்துக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் மூலச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இந்த வசனத்தில் பவுல் கிரேக்கத்தில் எழுதிய வினை 'எக்சகொராட்சோ'. அதற்குள் இருக்கும் 'அகொரா' என்பது சந்தை. சந்தையிலிருந்து விலை கொடுத்து எடுத்துக்கொள்வது என்பது பொருள். கலாத்தியர் 3:13இல் கிறிஸ்து நம்மை 'மீட்டுக்கொண்டார்' என்று வருவதும் இதே வினைதான். 'காலம்' என்று தமிழில் நிற்பது 'கைரோஸ்'. நாளும் ஆண்டுமாக நீளும் காலத்துக்குக் கிரேக்கத்தில் 'க்ரோனோஸ்' என்று வேறு சொல் உண்டு. கைரோஸ் என்றால் வாய்த்த வேளை, ஏற்ற தருணம். புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எல்லா இடத்திலும் நேராக இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் நாட்கள் பொல்லாதவை என்று காரணம் சொல்லிவிட்டு 'வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறவர், மணிக்கூட்டைப் பற்றியா பேசுகிறார்?

'பிரயோஜனம்' வடசொல்; 'பயன்' நம் சொல். அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சந்தை வாடையைத் தொலைத்தார்களே தவிர, பொருளைக் கெடுக்கவில்லை. என் வழக்கு முகாமைத்துவத்தோடுதான்.

அந்தச் சொல்லின் உருவமே முதலில் இடறுகிறது. 'மை' என்று முடிகிற சொல்லுக்கு மேல் 'த்துவம்' என்று ஒரு வடமொழி விகுதி எதற்கு? வங்கியிலும் அமைச்சிலும் அது ஊறிவிட்டது, இனிப் பிடுங்க முடியாது. அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். பண்டகசாலையை முகாமை செய்யலாம், ஆளணியை முகாமை செய்யலாம். அவை ஒருவர் கைக்குள் ஒப்படைக்கப்படுகிறவை. காலம் யார் கையில் இருக்கிறது? "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது" என்கிறது சங்கீதம் 31:15. இதைக் காலையில் வாசித்துவிட்டுப் பத்து மணிக்கு நேர முகாமைத்துவ வகுப்பில் போய் உட்காருகிறோம்.

'உக்கிராணத்துவம், அதாவது ஒப்படைக்கப்பட்டதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, என்ற கருத்தில்தான் சொல்கிறோம்' என்று இதற்கு ஒரு மறுமொழி வரும். சரி, அப்படியானால் அந்தச் சொல்லையே சொல்லுங்களேன். உக்கிராணக்காரன் என்றதுமே அவனுக்கு மேலே ஓர் எஜமான் இருக்கிறான், ஒருநாள் கணக்குக் கேட்பான் என்பது கேட்கிறவருக்கு விளங்கிவிடும். முகாமையாளர் என்றால் நமக்கு நினைவு வருவது கண்ணாடி அறையும் கழுத்துப்பட்டியும். எஜமான் இல்லாத உக்கிராணம் எந்த ஊரில் உண்டு?

இன்னொன்று. நேர முகாமைத்துவத்தின் இலட்சணம் அட்டவணை பிசகாமல் நடப்பது. மாற்கு 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யவீருவின் மகள், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, சாகக் கிடக்கிறாள். இயேசு அங்கே போகிற வழியில், பன்னிரண்டு வருடமாக நோயில் கிடந்த ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று விசாரிக்கிறார். சீஷர்களுக்குப் பொறுமை இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை இறந்துபோனாள் என்று ஆள் வருகிறது. வகுப்பு நடத்துகிறவர்கள் இதற்கு எத்தனை புள்ளி போடுவார்கள்? அந்தப் பெண்ணுக்கு வாய்த்த வேளை அது. அவர் அதைத் தாண்டிப் போகவில்லை. காலத்தைப் பிரயோஜனப்படுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை.

'காலத்தை மீட்டெடுத்தல்' என்றும் சிலர் பிரசங்கிக்கிறார்கள். கலாத்தியரைக் காட்டி அதற்கு நியாயமும் சொல்லலாம். ஆனால் நம் காதில் மீட்பது என்றால் செட்டியார் தெருவில் அடகு வைத்த சங்கிலியைத் திருப்புவது. முன்பு நம்முடையதாக இருந்து போனதைத்தான் மீட்போம். அதனால் கேட்கிறவர்கள் வீணாய்ப் போன வருடங்களை நினைத்து அழுதுவிட்டுப் போகிறார்கள். பவுல் சொன்னதோ கண்முன் நிற்கிற வேளையை.

அப்படியானால் தமிழில் எது? தேடி அலையவே வேண்டாம், நம் வேதாகமமே எடுத்து வைத்திருக்கிறது. கலாத்தியர் 6:10இல் கைரோஸ் வருகிறது. தமிழில் 'சமயம்': நமக்குக் கிடைக்கும் சமயத்திற்குத் தக்கதாக நன்மை செய்யச் சொல்கிறது. எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன் என்று பவுலை அனுப்பிவிட்ட தேசாதிபதி பேலிக்ஸின் வாயிலும் அதே சொல். (பிறகு அவன் அடிக்கடி அழைப்பித்தான், பணம் கிடைக்கும் என்ற நப்பாசையில்.) சமயம் அழகான சொல்தான், என்ன, மதம் என்ற பொருளும் அதற்கு இருப்பதால் தலைப்பில் போட்டால் குழம்பும்.

ரோமர் 13:11 இன்னும் தெளிவு: 'காலத்தை அறிந்தவர்களாய்'. அங்கும் கைரோஸ்தான். எருசலேமைப் பார்த்துக் கண்ணீர்விட்ட ஆண்டவர், உன்னைச் சந்திக்கும் காலத்தை நீ அறியாமற்போனாய் என்று சொல்வதும் அதையே. ஆக, வேண்டிய சொல் 'காலமறிதல்'. திருக்குறளில் 49ஆம் அதிகாரத்தின் பெயரே அது. அரசன் படையெடுக்கும் காலத்தைப் பற்றியதல்லவா என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள்; கேட்கட்டும். "எய்தற் கரியது இயைந்தக்கால் அந்நிலையே செய்தற் கரிய செயல்" என்ற 489ஆம் குறளை எபேசியருக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு வரட்டும். கிடைத்தற்கரிய வேளை வாய்த்தால் அப்போதே செய் என்கிறது குறள். இதைத் தமிழில் சொல்ல ஆங்கிலக் கையேட்டைத் திறக்க வேண்டியதில்லை.

திறக்கிறோம் என்பதுதான் தொல்லை. 'தரமான நேரம்' என்கிறார்கள். தரங்கெட்ட நேரம் எங்கே விற்கிறது? காலைத் தியானம் என்று நம் ஆச்சிமார் சொன்னது இப்போது 'அமைதி நேரம்' ஆகிவிட்டது. 'தேவனோடு நேரம் செலவழியுங்கள்' என்று ஒலிவாங்கியில் வேறு கேட்கிறது. தமிழ் வீட்டுக் கணக்கில் செலவு என்றால் கையை விட்டுப் போனது, வரவுக்கு எதிர்ப்பக்கம் எழுதுவது. ஜெபத்தைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தில் எழுதுகிறோம். கர்த்தருடைய சமூகத்தில் காத்திருத்தல் என்று சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா என்ன? இந்தியாவிலிருந்து வரும் நூல்கள் முகாமைத்துவத்துக்குப் பதிலாக 'மேலாண்மை' என்று போடுகின்றன; சொல் கொஞ்சம் தமிழாக இருக்கிறது, கோளாறு அதேதான்.

அடுத்த கூடுகைக்குப் பதாகை அடிக்கக் கொடுப்பவர்கள் 'காலமறிதல்' என்று எழுதிக் கொடுக்கட்டும். வசனத்தை மாற்ற வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.