ஒரு மதிப்பெண்ணின் எடை

குடியாத்தத்தில் ஒரே வகுப்பில் படித்த இரு மாணவியரை எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ பொதுத்தேர்வில் ஒருவர் கணிதத்தில் 95, இயற்பியலில் 90, வேதியியலில் 92 பெறுகிறார். மற்றவர் பெறுவது முறையே 90, 96, 96. கூட்டிப் பார்த்தால் முதலாமவருக்கு 277, இரண்டாமவருக்கு 282. ஆயினும், பாகாயத்தில் உள்ள அரசு பொறியியல் கல்லூரிக்கு இருவரும் விண்ணப்பித்தால், பொதுத் தரவரிசையில் முன்னே நிற்பவர் 277 பெற்றவரே.

பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப், கணித மதிப்பெண்ணை முழுமையாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டு 200-க்குக் கணக்கிடப்படுகிறது. எனவே இருவருக்கும் கட்-ஆஃப் 186 தான். சமநிலை ஏற்படும்போது முதலில் கணிதத்தையும் அதன்பின் இயற்பியலையும் ஒப்பிடுவது விதி என்பதால், 95 பெற்றவர் முந்துகிறார். எல்லா ஒப்பீடுகளுக்குப் பிறகும் சமநிலை நீடித்தால், பிறந்த தேதியும், இறுதியாகக் கணினி வழங்கும் 10 இலக்க ரேண்டம் எண்ணும் முடிவு செய்யும்.

இத்தகைய சமநிலை அரிதானதன்று. மாநிலப் பாடத்திட்டத்தில் மதிப்பெண்கள் முழு எண்களாகவே தரப்படுவதால், கட்-ஆஃப் அரை அரையாக மட்டுமே ஏறும். 0 முதல் 200 வரை மொத்தம் 401 படிகளே உள்ளன. ஒரு லட்சம் மாணவர்களை இப்படிகளில் இயன்றவரை சமமாகப் பரப்பினாலும், ஏதேனும் ஒரு படியிலாவது 250 பேர் நின்றே தீர வேண்டும். உண்மையில் அவர்கள் சமமாகப் பரவுவதில்லை. ஆகவே சில படிகளில் நெரிசல் இன்னும் மிகுதி.

அந்த மதிப்பெண் உருவாகும் விதமும் பாடத்துக்குப் பாடம் வேறுபடுகிறது. கணிதத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. இயற்பியலிலோ எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் பொதுவான விடைக்குறிப்பைப் பின்பற்றி, சூத்திரம், பிரதியிடல், அலகுடன் கூடிய விடை எனப் படிப்படியாக மதிப்பெண் இடுகிறார்கள். கணக்கின் விடை தவறினாலும் எழுதிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதை நம் மாணவர்கள் பலர் உணராமல், பாதியில் அடித்துவிட்டு வருவது வருந்தத்தக்கது.

தேர்வு முடிவுக்குப் பின் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்ப்போரும் இக்கணக்கை நினைவில் கொள்வது நல்லது. கூட்டலில் விடுபட்ட 2 மதிப்பெண் கணிதத்தில் கிடைத்தால் கட்-ஆஃப் 2 உயரும், அதாவது நான்கு படிகள். இயற்பியலில் கிடைத்தால் 1 மட்டுமே.